தொழிற்சாலைக் கணினிக்குள் கேபிள் கட்டுவது எப்படி: பட்டியல் முதல் மூடி போடும் வரை

வீட்டுக் கணினியில் கேபிளை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் கண்ணுக்காக. தொழிற்சாலைக்குப் போகும் கணினிக்கு அந்தக் கணக்கு உதவாது. அது வருடக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடும். பக்கத்திலேயே மோட்டார் அதிரும், எண்ணெய்ப் புகையும் தூசியும் உள்ளே வரும், அது இருக்கும் கன்ட்ரோல் பேனலுக்குள் வெப்பம் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். பழுது வந்தால் அதைத் திறப்பவர், கட்டியவராக இருக்க மாட்டார்.

எஸ்எஸ்டி போட்டு, ஃபேன் இல்லாமல், எல்லாவற்றையும் ஸ்குரூ வைத்து இறுக்கிய பெட்டியில் அசைவதற்கு மிச்சம் இருப்பது கேபிள் மட்டும்தான். அந்த அசைவு போய்ச் சேரும் இடம் கனெக்டர். கேபிள் எவ்வளவு அதிர்ந்தாலும் கனெக்டருக்கு அது தெரியக் கூடாது, இதைச் சாதிப்பதுதான் நம் வேலை. அப்படிச் செய்தால் அழகும் கூடவே வந்துவிடும்.

கனெக்டர் கழன்று விழுவதை மட்டும் நினைத்து இதைச் சொல்லவில்லை. விழுந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். அதைவிடத் தொல்லை தருவது நுண்ணிய உராய்வு. வெள்ளீயம் பூசிய இரண்டு தொடுமுனைகள் அதிர்வில் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் தேய்ந்துகொண்டே இருந்தால், தேய்ந்த பூச்சு ஆக்சைடாக மாறி இடையில் படியும். தொடர்புத் தடை மெல்ல ஏறும். ஒரு நாள் டிரைவ் காணாமல் போகும், அல்லது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழுது பார்ப்பவர் கனெக்டரைக் கழற்றி மாட்டுவார், அந்தத் தேய்ப்பில் ஆக்சைடு விலகி எல்லாம் சரியாகிவிடும். ‘கழற்றி மாட்டினேன், ஓடுகிறது’ என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். சில மாதங்களில் அதே பழுது திரும்ப வரும். பராமரிப்புப் பதிவேட்டில் இந்த வரி இரண்டு தடவை தெரிந்தால், பார்ட்டை மாற்றும் முன் அந்தக் கேபிள் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தங்கப் பூச்சுள்ள முனையையும் வெள்ளீயப் பூச்சுள்ள முனையையும் ஜோடி சேர்த்தால் இந்தத் தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். எனவே கனெக்டர் வாங்கும்போதே இரண்டு பக்கமும் ஒரே பூச்சாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 1: கேபிளைத் தொடும் முன் பட்டியல்

பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு கேபிளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், சர்வீஸின்போது கழற்ற வேண்டியதா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் எதை நிரந்தரமாகக் கட்டலாம், எதைக் கையால் அவிழ்க்கும்படி விட வேண்டும் என்பது அதிலிருந்துதான் முடிவாகும்.

அப்புறம் எல்லாவற்றையும் மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: மெயின்ஸ் ஏசி, டிசி பவர், சிக்னல். இந்த மூன்றும் கடைசி வரை தனித்தனிப் பாதையில் போகும்.

நீளத்தை மதர்போர்டு, டிரைவ், பவர் சப்ளை எல்லாவற்றையும் பொருத்திய பிறகுதான் அளக்க வேண்டும். ஒரு நூலைப் பாதை நெடுக வைத்து, வளைவுகளோடு சேர்த்து அளந்து, கூட 3 முதல் 5 செ.மீ. விடுங்கள். பவர் சப்ளையோடு வரும் கேபிள்கள் பெரிய டவர் கேபினட்டுக்காகச் செய்யப்பட்டவை. சின்னப் பெட்டியில் அவற்றைச் சுருட்டித் திணித்தால் அந்தச் சுருளே காற்றை அடைக்கும், அதிர்வில் ஆடும் எடையாகவும் மாறும். ஒரே மாடலில் பல பெட்டிகள் கட்டுபவர் சரியான நீளத்தில் ஹார்னஸ் (கனெக்டர் பொருத்திய கேபிள் கற்றை) செய்து வாங்குவது எப்போதும் லாபம்.

மாடுலர் பவர் சப்ளையில் ஒரு எச்சரிக்கை. சப்ளை பக்கமுள்ள சாக்கெட்டின் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. ஒரு கம்பெனி சப்ளையின் கேபிள் இன்னொன்றில் அச்சாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிரைவ் எரிந்துபோகும். ஒரே கம்பெனியின் வேறு மாடலுக்கும் இது பொருந்தும். உதிரிக் கேபிள்களை ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள்.

படி 2: வயரின் தடிமன்

தொழிற்சாலைக் கணினி பல நேரம் 24 வோல்ட் டிசியில் ஓடும். சப்ளை பேனலில் இருக்கும், கணினி இயந்திரத்தின் மறுமுனையில் இருக்கும். இங்கே நடக்கும் வோல்டேஜ் இழப்பை ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

120 வாட் எடுக்கும் கணினி 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். சப்ளை 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் போக வர 20 மீட்டர் செம்பு. 0.75 சதுர மி.மீ. நெகிழ் வயருக்குத் தடை மீட்டருக்கு 26 மில்லி ஓம், ஆக மொத்தம் 0.52 ஓம். 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 1.33 வோல்ட், 2.5 போட்டால் 0.8 வோல்ட். இதே கணினி 12 வோல்ட் மாடலாக இருந்தால் 10 ஆம்பியர் இழுக்கும். 0.75 வயரில் 5.2 வோல்ட் இழப்பு, மிச்சம் 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. கணினி எழுந்திருக்காது. இந்தத் தடைக் கணக்கு 20 டிகிரிக்கானது. செம்பின் தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும், அதனால் 50 டிகிரி பேனலில் 12 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூ டெர்மினலில் பல இழை வயரை மாட்டும்போது முனையில் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் நசுக்கி இறுக்குங்கள். சால்டர் தடவி முனையைக் கெட்டியாக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். சால்டர் மென்மையான உலோகம். ஸ்குரூவின் அழுத்தத்தில் அது மெல்ல வழிந்து இடம் கொடுக்கும், இறுக்கம் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைப்பாகிவிடுவதால் அதிர்வில் சரியாக அந்த இடத்தில்தான் முறியும். ஃபெரூலுக்கு நிறம் உண்டு: ஜெர்மன் டின் (DIN) தர வரிசையில் 0.5 சதுர மி.மீ.க்கு வெள்ளை, 0.75-க்குச் சாம்பல், 1-க்குச் சிவப்பு, 1.5-க்குக் கறுப்பு, 2.5-க்கு நீலம். வேறு நிற வரிசைகளும் சந்தையில் உண்டு, ஒரு பட்டறையில் இரண்டையும் கலக்க வேண்டாம். ஸ்குரூவை டார்க் டிரைவரில் (இறுக்கும் விசையை அளந்து நிறுத்தும் ஸ்குரூ டிரைவர்), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

படி 3: கனெக்டரைத் தேர்ந்தெடுப்பது

பூட்டு இருப்பதையே எடுங்கள். டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சேட்டா கேபிளில் உலோகக் கிளிப் உள்ளதும் இல்லாததும் இரண்டுமே கிடைக்கின்றன, விலை வித்தியாசம் சொற்பம். கிளிப் இல்லாததைத் தொழிற்சாலைப் பெட்டிக்குள் அனுமதிக்கவே கூடாது. டிரைவ் பக்கம், மதர்போர்டு பக்கம் இரண்டிலும் கிளிப் பிடிக்கும் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண சேட்டா கேபிள் கனெக்டர் 50 முறை மாட்டிக் கழற்றத்தான் வடிவமைக்கப்பட்டது. சோதனைக்கு என்று தினம் கழற்றி மாட்டிய கேபிளைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். வைஃபை கார்டில் இருக்கும் குட்டி யூஎஃப்எல் ஆன்டெனா கனெக்டருக்கு 30 முறைதான்.

பழைய நான்கு பின் பவரிலிருந்து சேட்டா பவருக்கு மாற்றும் அடாப்டரில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை ஆபத்து. உள்ளே வயர்கள் ஒன்றையொன்று நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வயர் ஒவ்வொன்றும் தனியாகக் கிரிம்ப் செய்து கூட்டில் செருகியது தெரியும் வகையை எடுங்கள். அடாப்டரே இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது.

பூட்டில்லாத கனெக்டர்களைத் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. மதர்போர்டின் யூஎஸ்பி ஹெடர், ஃபிரண்ட் பேனல் பின்கள், எச்டிஎம்ஐ. இவற்றுக்கு எலெக்ட்ரானிக்ஸுக்கான சிலிகான் பசையில் ஒரு சிறு பொட்டு வைத்துப் பிடிக்க வைக்கலாம். கடையில் கிடைக்கும், வினிகர் வாசம் அடிக்கும் சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ரீசெட் பட்டன் தேவையே இல்லாத பெட்டியில் அந்த வயரை இணைக்காமல் விடுவது என் வழக்கம். ரிலேக்கள் பக்கத்தில் ஓடும் நீண்ட ரீசெட் வயர், தேவையில்லாத சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனாவாகிவிடும்.

படி 4: பெட்டியைத் தயார் செய்வது

தகட்டில் கேபிள் நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் குரோமெட் என்ற ரப்பர் வளையம், ஒவ்வொரு வெட்டு விளிம்பிலும் விளிம்பு ஸ்ட்ரிப். விரலை வைத்து வருடிப் பாருங்கள், தோலில் உறுத்தும் விளிம்பு அதிர்வில் வயரின் உறையைக் கட்டாயம் அறுக்கும்.

கேபிள் டை கட்டும் பிடிமானங்களை ஸ்குரூ அல்லது ரிவெட் போட்டு வையுங்கள். முதுகில் ஒட்டும் பிசின் வைத்த சதுரப் பிடிமானம் வசதியானதுதான், ஆனால் சூட்டிலும் எண்ணெய்ப் படலத்திலும் உரிந்துவிடும். உரிந்தால் கேபிளோடு சேர்ந்து அதுவும் தொங்கி ஆடும். வேறு வழியே இல்லாவிட்டால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தகட்டைத் துடைத்து, ஒட்டி அழுத்தி, ஒரு நாளாவது விட்ட பிறகே எடை ஏற்றுங்கள்.

படி 5: பாதை

மெயின்ஸ் ஒரு சுவர் ஓரம், சிக்னல் எதிர்ச் சுவர் ஓரம், டிசி பவர் இடையில். இரண்டு கூட்டம் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் நேர்க்குறுக்காக, 90 டிகிரியில் கடக்கட்டும். பக்கம் பக்கமாக ஓடும் நீளம்தான் மின் இரைச்சலைக் கடத்துகிறது, குறுக்கே கடந்தால் அந்த நீளம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பேனலில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவ் இருந்தால் அதன் மோட்டார் கேபிளிலிருந்து சிக்னல் கேபிள்களைக் குறைந்தது 20 செ.மீ. தள்ளி வைப்பது நடைமுறை, முடிந்தால் தனி டக்டே கொடுங்கள். டிசி பிளஸ், மைனஸ் வயர்களைச் சேர்த்து முறுக்கி ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வளையப் பரப்பு குறைந்தால் இரைச்சல் உள்ளே வருவதும் குறையும், வெளியே போவதும் குறையும்.

வளைவில் அவசரம் காட்டக் கூடாது. ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோக உறை) இல்லாத ஈதர்நெட் கேபிளுக்கு வளைவின் ஆரம் கேபிளின் விட்டத்தைப் போல 4 மடங்குக்குக் குறையக் கூடாது. ஃபைபருக்கு 10 மடங்கு, இழுக்கும்போது 20. சேட்டா கேபிளை மடித்து மடிப்புத் தழும்பு விழுந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் ஜோடியின் இடைவெளி மாறியிருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கான 16 பின் பவர் கனெக்டரில், கனெக்டரை விட்டு 35 மி.மீ. வரை கேபிள் நேராகப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் வளைவு. 2022-ல் இந்தக் கனெக்டர்கள் உருகிய செய்திகள் வந்தபோது பேசப்பட்ட முக்கியக் காரணம், முழுதாக உள்ளே போகாமல் சரிந்து நின்ற இணைப்பு. கேமரா வழியே பொருளைச் சோதிக்கும் இயந்திரப் பார்வைக் கணினிகளில் இப்போது பெரிய கார்டுகள் வருவதால் இது நமக்கும் பொருந்தும்.

ஹீட்சிங்கைத் தொட்டுக்கொண்டு எந்தக் கேபிளும் போகக் கூடாது. பெட்டியே ஹீட்சிங்க்காக இருக்கும் ஃபேன் இல்லாத மாடலில், துடுப்புகள் உள்ள சுவரின் உட்பக்கத்தையும் சூடான இடமாகவே கணக்கில் எடுங்கள்.

படி 6: கட்டுவது

இந்தப் படியில் நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரிலிருந்து 3 முதல் 5 செ.மீ. தூரத்தில், பெட்டியோடு சேர்த்து முதல் கட்டு. பலர் கேபிளைக் கேபிளோடு கட்டுகிறார்கள். அப்போது மொத்தக் கற்றையும் ஒன்றாக ஆடும், எடை கூடியதால் கனெக்டருக்கு இன்னும் கேடு. கட்டு தகட்டில் நங்கூரம் பாய்ச்ச வேண்டும். முதல் கட்டுக்கும் கனெக்டருக்கும் நடுவே கேபிள் இழுபடாமல், லேசான ஒரு வில்லாக நிற்கட்டும். கட்டுக்கு மறுபக்கம் உள்ள கேபிளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கனெக்டர் துளியும் அசையவில்லை என்றால் சரி, அசைந்தால் கட்டை இன்னும் கிட்டே கொண்டு வாருங்கள்.

அதன் பிறகு 5 முதல் 10 செ.மீ.க்கு ஒரு கட்டு. அதிர்வு அதிகமான இடத்தில் நெருக்கமாக.

டையை எவ்வளவு இறுக்குவது? கட்டிய பிறகு கற்றை வழுக்கி நகரக் கூடாது, ஆனால் வயரின் உறையில் பள்ளம் விழவும் கூடாது. ஈதர்நெட், சேட்டா, ஆன்டெனா கேபிள்களுக்குப் பிளாஸ்டிக் டையே வேண்டாம், வெல்க்ரோ பட்டை போடுங்கள். மிச்ச வாலை நிப்பரால் தலையோடு ஒட்டி, சமமாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய நைலான் முனை பிளேடு மாதிரி, அடுத்து உள்ளே கை விடுபவரின் புறங்கையைக் கிழிக்கும். சாதாரண நைலான் 66 டை தொடர்ச்சியாக 85 டிகிரி வரை தாங்கும், சூடான மூலைகளுக்கு வெப்பம் தாங்கும் வகையைத் தனியாக வாங்கி வையுங்கள்.

படி 1-ல் ‘கழற்ற வேண்டியது’ என்று குறித்தவற்றுக்கு எல்லாம் வெல்க்ரோ. டிரைவ், மெமரி, பேட்டரி மாற்ற வருபவர் ஒரு டையைக்கூட வெட்டாமல் வேலையை முடிக்க வேண்டும். வெட்டினால் திரும்பக் கட்ட மாட்டார்கள், அவசரத்தில் வந்தவர் கையில் டை இருக்காது. அந்தக் கேபிள்களுக்குக் கூடுதல் நீளம் ஒரு கை நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். அந்த உபரியைச் சுருட்டாமல், S வடிவில் மடித்துத் தகட்டோடு பிடியுங்கள்.

படி 7: ஷீல்டும் எர்த்தும்

ஷீல்டு உள்ள கேபிளின் பின்னலை முறுக்கி, வால் போல நீட்டி, ஒரு ஸ்குரூவில் மாட்டுவது பரவலான பழக்கம். குறைந்த அதிர்வெண்ணில் அது வேலை செய்யும், விஎஃப்டியின் இரைச்சல் இருக்கும் அதிர்வெண்களில் செய்யாது. வயரின் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு 1 நானோ ஹென்றி. 10 செ.மீ. வால் என்றால் 100 நானோ ஹென்றி, 100 மெகாஹெர்ட்ஸில் அது 60 ஓமுக்கு மேல். எர்த் செய்தது போலத் தெரியும், ஆனால் இரைச்சலுக்கு அங்கே கதவு சாத்தியிருக்கிறது. பின்னலைச் சுற்றி முழு வட்டமாகப் பிடிக்கும் கிளாம்ப் அல்லது உலோகக் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் நுழைவாய்) போடுங்கள், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே. தகட்டில் பெயின்ட் இருந்தால் அந்த இடத்தில் சுரண்டி, பல் உள்ள வாஷர் வையுங்கள்.

பாதுகாப்பு எர்த் வயர் பச்சை மஞ்சள். வேறு எதற்கும் அந்த நிறத்தைப் பயன்படுத்தக் கூடாது. பெட்டிக்குள் அதற்கு மற்ற வயர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம் விடுங்கள், கேபிள் இழுபட்டால் எர்த் கடைசியாகக் கழல வேண்டும்.

படி 8: வெளியே போகும் கேபிள்கள்

டி-சப் கனெக்டரின் (சீரியல் போர்ட்டில் இருப்பது போன்ற D வடிவக் கனெக்டர்) இரண்டு ஸ்குரூவையும் போடுங்கள். ஒரு ஸ்குரூவோடு விடும் வழக்கம் எங்கும் இருக்கிறது, அப்படி விட்டால் கனெக்டர் அந்த ஸ்குரூவையே அச்சாக வைத்து ஆடும். யூஎஸ்பி டாங்கிளை முடிந்தால் பெட்டிக்கு உள்ளே போடுங்கள். தண்ணீர் படும் இடத்தில் எம்12 வகை (12 மி.மீ. மரையுள்ள வட்ட) கனெக்டர்கள் நல்லவை. ஈதர்நெட்டுக்கு அதன் பின் அமைப்பு 100 மெகாபிட் என்றால் டி கோடு, கிகாபிட் அல்லது அதற்கு மேல் என்றால் எக்ஸ் கோடு. கிளாண்டின் அளவு கேபிளின் வெளி விட்டத்துக்குப் பொருந்தட்டும், ஒரு கிளாண்டில் இரண்டு கேபிள் நுழைத்தால் நடு இடைவெளி வழியே தண்ணீர் வரும். மேலிருந்து இறங்கும் கேபிள் பெட்டியில் நுழையும் முன் ஒரு தரம் கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த அடி வளைவில் சொட்டிவிடும்.

படி 9: லேபிள்

இரண்டு முனையிலும் ஒரே பெயர், கனெக்டரிலிருந்து ஒரு விரல் தூரத்தில், கட்டு மறைக்காத இடத்தில். மார்க்கர் பேனாவில் எழுதியது எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். அச்சிட்ட ஹீட் ஷ்ரிங்க் அல்லது மேலே ஒளிபுகும் படலம் சுற்றும் லேபிள் போடுங்கள். ‘சேட்டா 1’ என்று எழுதுவதைவிட ‘போர்டு சேட்டா 1 – டிரைவ் ஏ’ என்று இரண்டு முனையையும் எழுதுவது உதவும்.

படி 10: மூடும் முன்னும் மூடிய பின்னும்

கிரிம்ப் செய்த ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். பிறகு கணினியை ஓடவிட்டு, டிரைவில் எழுதும் சோதனை ஒன்றைத் தொடங்கி, மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ ஒவ்வொரு கற்றையையும் மெல்லத் தட்டி ஆட்டுங்கள். மெயின்ஸ் பக்கம் கை போக வேண்டாம். சேட்டா இணைப்பில் பிழை வந்தால் டிரைவ் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில் சிஆர்சி பிழை (தரவு வழியில் சிதைந்தது) எண்ணிக்கை ஏறும். சோதனைக்கு முன் அந்த எண்ணைக் குறித்து வைத்து, பின்னர் ஒப்பிடுங்கள். ஒன்று ஏறியிருந்தாலும் அந்தக் கேபிளை மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

இதே சோதனையை மூடியைப் போட்ட பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். நான் திறந்து பார்த்த பெட்டி ஒன்றில் டிரைவின் சேட்டா கேபிள் பக்கவாட்டில் கொஞ்சம் துருத்தி நின்றது. திறந்திருக்கும்போது எந்தக் குறையும் இல்லை. மூடியைச் சாத்தினால் தகடு கேபிளைத் தள்ள, கனெக்டர் ஒரு பக்கமாகச் சரிந்தது. மூடியின் உட்பக்கத்தில், கேபிள் தேய்த்த இடத்தில் பளபளப்பான ஒரு கோடு விழுந்திருந்தது. திறந்தால் சரியாக ஓடும், மூடினால் தடுமாறும் பெட்டிகளில் முதலில் தேட வேண்டியது அந்தக் கோட்டைத்தான். கனெக்டரின் தலை நேராக நிற்க இடம் இல்லாத இடத்துக்கு 90 டிகிரி திரும்பிய கனெக்டர் உள்ள சேட்டா கேபிள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கடைசியாக, மூடும் முன் உள்ளே நான்கு கோணத்தில் போட்டோ எடுத்து, கேபிள் பட்டியலோடு சேர்த்து அச்சிட்டு, லேமினேட் செய்து பேனல் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், பவரை அணைத்துவிட்டு, ஸ்குரூ டெர்மினல்களை அதே டார்க்கில் ஒருமுறை சரிபார்த்து, தேதியை அந்தத் தாளிலேயே எழுதிவிட்டு வாருங்கள்.